சனிக்கிழமைக் கூலிக் கணக்கில் கர்சர்: எடுக்கலாமா, வைக்கலாமா?

முக்கூடல் கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பீடி சுற்றுகிறவர்களுக்கு வாரக் கூலி போடும் மென்பொருள் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கத்துக் கடைகள் எல்லாம் ஒரே சர்வரில் பதிவு ஏற்றுகின்றன. டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் 2016. முதலில் எழுதியவர் இப்போது எங்களிடம் இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கடையில் இலையும் தூளும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலையிலிருந்து வந்த பீடிக்குச் செலவான இலையைக் கழித்து, மிச்சம் அந்தத் தொழிலாளியின் கையிருப்பாக ஏறும். பிஎஃப், முன்பணம் பிடித்தம் போக சனிக்கிழமை பணம்.

கூலி முடிக்கும் ப்ரொசீஜரில் (டேட்டாபேஸில் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) வெளியே ஒரு கர்சர் (விடையை ஒவ்வொரு ரோவாக, அதாவது வரியாக, எடுத்துத் தரும் கருவி) தொழிலாளிகளை ஒவ்வொருவராக எடுக்கிறது. உள்ளே இன்னொரு கர்சர் அவருடைய அந்த வாரப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இலைக் கையிருப்பைக் கூட்டிக் கழித்து அப்டேட் செய்கிறது. பிறகு கூலி டேபிளில் ஒரு இன்சர்ட், பிஎஃப் டேபிளில் ஒரு இன்சர்ட். முன்பணப் பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் வேறொரு ப்ரொசீஜரைக் கூப்பிடுகிறது.

மூன்று தொல்லைகள். மதியம் ஓடவிட்டால் கடைக்காரர்கள் சாயங்காலம் வரை போனில் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவு மெதுவு. நடுவில் பிழை வந்து நின்றபிறகு திரும்ப ஓட்டினால் ‘இந்தப் பெயரில் கர்சர் ஏற்கனவே இருக்கிறது’ என்கிறது. மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது: சில வாரம் எந்தப் பிழையும் காட்டாமல் பட்டியலின் கடைசிப் பகுதி ஆட்களுக்குக் கூலியே ஏறுவதில்லை.

அலுவலகத்தில் ஒருவர் ‘கர்சரே பாவம், தூக்கி எறி’ என்கிறார். அப்படியா? வைத்திருந்தால் எப்படி வைக்க வேண்டும்?


வண்ணாரப்பேட்டை எழுதியது:

உங்கள் அலுவலக நண்பர் சொல்வது சரி. கர்சரை எடுத்துவிட்டு, தொழிலாளி எண்களை ஒரு டெம்ப் டேபிளில் போட்டு, வைல் லூப்பில் மிகச் சிறிய எண்ணை எடுத்து, வேலை முடிந்ததும் அதை டெலீட் செய்துகொண்டே போங்கள். நாங்கள் எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதுகிறோம். கர்சர் என்ற சொல்லே கோடில் இருக்காது.


ரதவீதி அண்ணாச்சி எழுதியது:

வண்ணாரப்பேட்டை, நீர் சொல்வது குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாளியை எடுத்த மாதிரிதான் வே. ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய எண்ணைத் தேட ஒரு கொயரி, அழிக்க ஒரு டெலீட். அந்த டெம்ப் டேபிளில் இன்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் முழு டேபிளையும் படிக்கும். ஒழுங்காக எழுதிய ஒரு கர்சர் இதைவிட வேகமாகவே ஓடும். கர்சர் என்ற பெயர் கோடில் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. ஒவ்வொரு ரோவாக வேலை நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

முக்கூடல் தம்பி, கர்சர் ஏன் மெதுவு என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபெட்ச் என்பது அடுத்த ரோவை எடுக்கத் தனியாக ஓடுகிற ஒரு கட்டளை. அதன்பின் வரும் அப்டேட் இன்னொரு கட்டளை. நாலாயிரம் பேர், ஆளுக்கு ஆறு பதிவு என்றாலே இருபத்து நாலாயிரம் ஃபெட்ச், இருபத்து நாலாயிரம் அப்டேட். ட்ரான்சாக்‌ஷனை (பல கட்டளைகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது) நீங்களாகத் திறக்காவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டும் தனித்தனி கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்குவது), ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக் ஃபைலில் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதி முடிக்கும்வரை காத்திருப்பு. அதே வேலையை ஒரே கட்டளையாகக் கொடுத்தால், எந்த டேபிளை முதலில் படிப்பது, எதை எதோடு எப்படி இணைப்பது என்று எஞ்சினே யோசித்துச் செய்யும். கர்சருக்குள் போட்டுவிட்டால் அந்த யோசனைக்கு இடமே இல்லை. வழியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று கேளுங்கள்: இந்த ரோவின் விடை, முந்தைய ரோவுக்கு வந்த விடையைப் பொறுத்ததா?

கூலி? இல்லை. அவர் பீடி எண்ணிக்கை, அந்தக் கடையின் ரேட், அவ்வளவுதான். ஒரு இன்சர்ட் செலக்ட், குரூப் பை தொழிலாளி. பிஎஃப்? அதுவும் இல்லை, அதே கொயரியில் இன்னொரு ஃபீல்டு. இரண்டுக்கும் கர்சர் தேவையில்லை. இந்த இரண்டை வெளியே எடுத்தாலே ஒரு பங்குச் சுமை இறங்கும்.

இலைக் கையிருப்பு மட்டும் முந்தைய ரோவைப் பார்க்கிறது. அதுவும் வெறும் ஓடும் கூட்டல் என்றால் 2012 முதல் எஸ்க்யூஎல் சர்வரிலேயே வழி உண்டு: சம், ஓவர், பார்ட்டிஷன் பை தொழிலாளி, ஆர்டர் பை தேதி. ஆனால் அதன் பின்னால் ‘ரோஸ் அன்பவுண்டட் ப்ரிசீடிங்’ என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ‘ரேஞ்ச்’ என்று தானே எடுத்துக்கொள்ளும். அப்போது ஒரே தேதியில் இரண்டு பதிவு இருந்தால் இரண்டிலும் ஒரே கூட்டுத்தொகை காட்டும், வேகமும் குறையும். இது பலர் கவனிக்காத இடம்.


முக்கூடல் கரை எழுதியது:

நன்றி அண்ணாச்சி. கூலியும் பிஎஃபும் புரிந்துவிட்டது. கையிருப்பில்தான் சிக்கல். அது வெறும் கூட்டல் கழித்தல் இல்லை. நல்ல இலை வந்த வாரம் கணக்குக்கு மேலேயே பீடி வந்துவிடும். அப்போது கையிருப்பு மைனஸ் ஆகும். மைனஸை அடுத்த பதிவுக்குக் கொண்டுபோகக் கூடாது, பூஜ்யம் என்று வைக்க வேண்டும். ஓடும் கூட்டல் போட்டால் மைனஸ் அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது. இதனால்தான் முன்னவர் கர்சர் போட்டிருப்பார் போல.


கடனாநதி எழுதியது:

தம்பி, இதற்கும் கர்சர் வேண்டாம். ஓடும் கூட்டலை முதலில் போடுங்கள். பிறகு, அதுவரை அந்தக் கூட்டல் தொட்ட மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டலிலிருந்து இதைக் கழித்தால் நீங்கள் கேட்கிற கையிருப்பு வந்துவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் தாளில் போட்டுப் பாருங்கள். திங்கள் 50 கிராம் மிச்சம். செவ்வாய் 80 கிராம் குறைவு. புதன் 40 மிச்சம். கையால் போட்டால் 50, பிறகு பூஜ்யம், பிறகு 40. ஓடும் கூட்டல் 50, மைனஸ் 30, 10. அதுவரை தொட்ட குறைந்த அளவு 0, மைனஸ் 30, மைனஸ் 30. கழியுங்கள்: 50, 0, 40. சரியாக வருகிறதா?

ஒரே மட்டத்தில் இதை எழுத முடியாது, ஒரு விண்டோ ஃபங்ஷனுக்குள் (சம், ஓவர் போன்றவை) இன்னொன்றை வைக்க விடாது. உள் கொயரியில் சம், வெளிக் கொயரியில் மின். போன வாரத்தின் முடிவுக் கையிருப்பை இந்த வாரத்தின் முதல் ரோவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள்.


முக்கூடல் கரை எழுதியது:

அக்கா, தாளில் போட்டுப் பார்த்தேன், வருகிறது! ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கையிருப்புக்கு மேல் எல்லையும் உண்டு. எல்லையைத் தாண்டிய இலைக்கு அன்றைக்கே காசு பிடித்துவிடுவார்கள். அடுத்த நாளுக்கு எல்லை அளவுதான் போகும். அதாவது கீழேயும் தடுப்பு, மேலேயும் தடுப்பு.


கடனாநதி எழுதியது:

இரண்டு பக்கமும் தடுப்பு என்றால் அந்தக் குறுக்கு வழி அப்படியே ஓடாது. மேலே ஒருமுறை வெட்டினால் அதற்கப்புறம் வரும் கீழ்த் தடுப்பின் கணக்கு மாறும். கீழே வெட்டினால் மேலே மாறும். ஒவ்வொரு ரோவும் முந்தைய ரோவின் விடையை உண்மையிலேயே கேட்கிறது. ரிகர்சிவ் கொயரியிலும் (தன் விடையையே திரும்பப் படிக்கும் கொயரி) எழுதலாம். ஆனால் அதுவும் உள்ளே ஒவ்வொரு ரோவாகத்தான் நடக்கும், படிக்கிறவருக்கும் தலைவலி. இங்கே கர்சர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் எல்லோருக்கும் வைக்காதீர்கள். முதலில் எல்லோருக்கும் மேலே சொன்ன கீழ்த் தடுப்புக் கணக்கை ஒரே கொயரியில் போடுங்கள். அந்த விடை ஒருநாளும் மேல் எல்லையைத் தொடாத ஆளுக்கு அதுவே சரியான விடை, ஏனென்றால் மேல் தடுப்புக்கு அங்கே வேலையே வரவில்லை. எல்லையைத் தாண்டியவர்கள் மட்டும் தனியாக விழுவார்கள். கர்சர் அவர்களுக்கு மட்டும். உங்கள் கடைகளில் வாரா வாரம் எத்தனை பேருக்கு இலைக்காசு பிடிக்கிறார்கள்? சொற்பமாகத்தான் இருக்கும்.


முக்கூடல் கரை எழுதியது:

சொற்பம்தான் அக்கா. பிடித்தால் கடையில் சத்தம் கேட்கும், அதனால் பெரும்பாலும் அந்த அளவுக்கு விடவே மாட்டார்கள். சரி, அந்தச் சிறு கூட்டத்துக்கான கர்சரை எப்படி எழுதுவது? பழையதையே வெட்டி ஒட்டிவிடலாமா?


ரதவீதி அண்ணாச்சி எழுதியது:

வெட்டி ஒட்டவே கூடாது. உம்முடைய இரண்டாவது, மூன்றாவது தொல்லை இரண்டும் அந்தப் பழைய கோடில்தான் இருக்கின்றன. முதல் பதிவில் நீங்கள் சொன்னதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

‘ஏற்கனவே இருக்கிறது’ என்பது ஏன்? எஸ்க்யூஎல் சர்வரில் கர்சரை அறிவிக்கும்போது ‘லோக்கல்’ என்று எழுதாவிட்டால், டேட்டாபேஸ் செட்டிங்கை யாரும் மாற்றாதவரை அது குளோபல். ப்ரொசீஜர் முடிந்தாலும் அந்த இணைப்பு உள்ளவரை உயிரோடு இருக்கும். நடுவில் பிழை வந்து, க்ளோஸும் டீஅலோகேட்டும் (மூடுவதும், மெமரியிலிருந்து விடுவிப்பதும்) ஓடாமல் நின்றால், அதே இணைப்பில் அடுத்த ஓட்டத்தில் பெயர் மோதும். ‘லோக்கல்’ என்று ஒரு சொல் சேர்த்தால் ப்ரொசீஜரோடு அதுவும் போய்விடும். அதற்காக க்ளோஸ், டீஅலோகேட் எழுதாமல் விடாதீர்கள். ட்ரை கேட்ச் (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி) போட்டு, கேட்ச் பகுதியில் கர்சர்_ஸ்டேட்டஸ் ஃபங்ஷனைக் கேளுங்கள். பூஜ்யமோ அதற்கு மேலோ என்றால் திறந்திருக்கிறது, க்ளோஸ் செய்ய வேண்டும். மைனஸ் 1 என்றால் மூடியிருக்கிறது, டீஅலோகேட் மட்டும். மைனஸ் 3 என்றால் அப்படி ஒரு கர்சரே இல்லை.

கடைசி ஆட்களுக்குக் கூலி ஏறாதது இதைவிட மோசமான பொறி. ஃபெட்ச் ஸ்டேட்டஸ் என்ற மதிப்பு ஒவ்வொரு கர்சருக்கும் தனித்தனி இல்லை. ஒரு இணைப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. கடைசியாக எந்தக் கர்சர் ஃபெட்ச் செய்ததோ அதன் விடைதான் அதில் இருக்கும். உம் வெளிக் கர்சரில் லூப்பின் அடியில் ஃபெட்ச் நடக்கிறது. அதற்கும் வைல் சோதனைக்கும் நடுவில் அந்த முன்பண ப்ரொசீஜர் கூப்பிடப்படுகிறதா என்று பாருங்கள். அதற்குள்ளும் ஒரு கர்சர் இருந்தால் அது தன் கடைசி ஃபெட்சில் மைனஸ் 1 வைத்துவிட்டு வரும். வெளி லூப் ‘எல்லாம் முடிந்தது’ என்று நினைத்து நின்றுவிடும். பிழை எதுவும் வராது. முன்பணப் பாக்கிக்காரர் இல்லாத வாரம் சரியாக ஓடும், இருக்கிற வாரம் அவருக்குப் பின்னால் உள்ளவர்கள் எல்லாம் காலி.

மருந்து எளிது. லூப்பை ‘வைல் 1=1’ என்று திறந்து, உள்ளே முதல் வரியாக ஃபெட்ச், அடுத்த வரியிலேயே ஸ்டேட்டஸ் சோதனை, பூஜ்யம் இல்லாவிட்டால் பிரேக். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரிண்ட் கூட வேண்டாம். இதில் இன்னொரு லாபம்: ஃபெட்ச் ஒரே இடத்தில் இருக்கும். வழக்கமாக லூப்புக்கு வெளியே ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு எழுதுவார்கள். ஒரு ஃபீல்டு சேர்க்கும்போது ஒன்றை மாற்றி மற்றதை மறப்பார்கள். நடுவில் யாராவது கன்டினியூ போட்டால் அடி ஃபெட்ச் ஓடாமல் அதே ஆளிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

எந்த வகைக் கர்சர்? படித்துக்கொண்டே முன்னால் மட்டும் போவதற்கு ‘லோக்கல் ஃபாஸ்ட்_ஃபார்வர்ட்’. படிக்கிற டேபிளையே லூப்புக்குள் மாற்றுகிறீர்கள் என்றால் ‘லோக்கல் ஸ்டாட்டிக்’. அது திறக்கும்போதே விடையை டெம்ப்டிபியில் (சர்வரின் தற்காலிக டேட்டாபேஸ்) பிரதி எடுத்துவிடும், நடுவில் எதை மாற்றினாலும் பட்டியல் மாறாது. வெறுமனே ‘கர்சர் ஃபார்’ என்று விட்டால் டைனமிக்காக நடந்துகொள்ளும், அதாவது நடுவில் செய்த மாற்றம் பட்டியலிலும் தெரியும். நீங்கள் மாற்றிய ரோ இடம் மாறி மறுபடியும் முன்னால் வந்து நிற்கலாம். இந்தச் சிக்கல் பழையது. 1970களில் ஐபிஎம்மில் சிஸ்டம் ஆர் ஆட்கள் சம்பள உயர்வு அப்டேட் ஒன்றில் இதைப் பார்த்தார்கள். 25,000 டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பத்து சதவீதம் ஏற்றச் சொன்னால், சம்பள இன்டெக்ஸ் வழியாகவே நடந்து, ஏற்றிய ஆளையே திரும்பத் திரும்பப் பிடித்து, எல்லோரையும் குறைந்தது 25,000க்குக் கொண்டுபோய்விட்டது. ஹாலோவீன் நாளன்று பிடிபட்டதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. எஞ்சின் தன் ஒற்றைக் கட்டளைகளில் இதைப் பார்த்துக்கொள்ளும். உம் கர்சர் லூப்பில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, லூப்புக்குள் அப்டேட்டே வேண்டாம். கணக்கை வேரியபிளில் போட்டு விடையை ஒரு டெம்ப் டேபிளில் சேருங்கள். லூப் முடிந்ததும் ஒரே அப்டேட். தேவையான ஃபீல்டுகளை மட்டும் செலக்ட் செய்யுங்கள், ஸ்டார் வேண்டாம். ஆர்டர் பை இல்லாமல் ஓடும் கணக்கு எழுதினால் அது கணக்கே இல்லை. உம்முடைய இரட்டைக் கர்சரும் தேவையில்லை: தொழிலாளி, தேதி என்ற வரிசையில் ஒரே கர்சர், தொழிலாளி எண் மாறினால் கையிருப்பை அவருடைய தொடக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.


மட்டுறுத்துநர்:

கோட் ஒட்டும்போது தொழிலாளிகளின் பெயர், பிஎஃப் எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை நீக்கியிருக்கிறேன்.


கங்கைகொண்டான் எழுதியது:

ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து ஒரு எட்டு. எங்களிடம் கர்சர் என்றாலே யாரும் முகம் சுளிப்பதில்லை, ஆனால் வேறு பொறிகள் உண்டு.

ஓபன், ஃபெட்ச், க்ளோஸ் என்று கையால் எழுதுவதைவிட கர்சர் ஃபார் லூப் நல்லது. மூட மறக்கவே முடியாது. 10ஜி முதல், ஆப்டிமைஸ் லெவலைக் குறைக்காதவரை, உள்ளே நூறு நூறு ரோவாக எடுத்துக்கொள்ளும். லூப்புக்குள் அப்டேட் இருந்தால் மட்டும் பல்க் கலெக்ட், லிமிட், ஃபார்ஆல் (மொத்தமாக எடுத்து மொத்தமாக எழுதும் வழி) என்று போங்கள். லிமிட் இல்லாத பல்க் கலெக்ட் பெரிய டேபிளில் மெமரியை விழுங்கிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது: லிமிட் 100, மொத்தம் 250 ரோ. மூன்றாவது ஃபெட்சில் 50தான் கிடைக்கும். நூறு கிடைக்காததால் அப்போதே நாட்ஃபவுண்ட் உண்மையாகிவிடும். ஃபெட்சுக்கு அடுத்த வரியில் ‘எக்ஸிட் வென் நாட்ஃபவுண்ட்’ என்று எழுதியிருந்தால் அந்த 50 ரோ அப்படியே போய்விடும். சோதனையை லூப்பின் அடியில் வையுங்கள், அல்லது எடுத்த பட்டியலின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள்.

லூப்புக்குள் கமிட் செய்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஃபார் அப்டேட் கர்சரில் கமிட் செய்துவிட்டு அடுத்த ஃபெட்ச் போனால் 01002 பிழை. சாதாரணக் கர்சரில் அடிக்கடி கமிட் செய்துகொண்டே நீளமாகப் படித்தால், தேவையான பழைய அண்டூ (மாற்றத்துக்கு முந்தைய பதிவு) மேலெழுதப்பட்டு 01555. ஜாவா பக்கம் ஸ்டேட்மென்ட்டை மூடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் 01000, அதாவது திறந்த கர்சர்கள் அளவுக்கு மேலே. டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) போய் ஓபன்_கர்சர்ஸ் அளவை ஏற்றச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஓட்டை கோடில் இருக்கிறது.


மானூர் மண்டி எழுதியது:

இடையில் நுழைகிறேன். வாழைத்தார் கமிஷன் மண்டிக்கு மைஎஸ்க்யூஎல்லில் பில் ப்ரோக்ராம் வைத்திருக்கிறோம். கர்சர் லூப்பில் ஒவ்வொரு விவசாயியாகப் போகிறது. சில நாள் பாதியிலேயே நிற்கிறது. அண்ணாச்சி சொன்ன அதே ஃபெட்ச் ஸ்டேட்டஸ் கதையா?


கடனாநதி எழுதியது:

வேறு கதை, முடிவு ஒன்றுதான். மைஎஸ்க்யூஎல்லில் லூப்பை நிறுத்துவது ‘நாட் ஃபவுண்ட்’ ஹேண்ட்லர், அதாவது ரோ கிடைக்காதபோது ஓடும் பகுதி. லூப்புக்குள் ‘செலக்ட் இன்டு’ எதுவும் இருக்கிறதா? விவசாயியின் முன்பணத்தை எடுக்கிறீர்கள், அவருக்கு முன்பணமே இல்லை, ரோ எதுவும் வரவில்லை. அதுவும் நாட் ஃபவுண்ட்தான். ஹேண்ட்லர் ‘முடிந்தது’ கொடியை ஏற்றிவிடும், லூப் நின்றுவிடும். அந்தச் செலக்டை உள்ளே தனி பிகின் எண்டில் வைத்து அதற்கென்று ஒரு ஹேண்ட்லர் கொடுங்கள். அல்லது மேக்ஸ், சம் என்று ஏதாவது போட்டு ஒரு ரோ கட்டாயம் வரும்படி செய்யுங்கள். இதைவிட, முன்பணத்தைக் கர்சரின் செலக்டிலேயே லெஃப்ட் ஜாயின் (முன்பணம் இல்லாதவரையும் விடாமல் இணைப்பது) செய்துவிட்டால் பேச்சே இல்லை.


மானூர் மண்டி எழுதியது:

இருக்கிறது! முன்பணம் இல்லாதவர் வந்தால்தான் நிற்கிறது. லெஃப்ட் ஜாயினே போட்டுவிடுகிறேன். நன்றி அக்கா.


பாளை பைத்தான் எழுதியது:

டேட்டாபேஸுக்குள் கர்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே லூப்பைப் பைத்தானில் எழுதுகிறவர்களையும் பார்க்கிறேன். அது இன்னும் மோசம், ஒவ்வொரு சுற்றுக்கும் நெட்வொர்க் வழியாக ஒரு போக்குவரத்து கூடுதல்.

பெரிய ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் கர்சர் நல்ல கருவி. போஸ்ட்கிரெஸ்ஸில் சைகாப்ஜி2 (பைத்தான் இணைப்பு லைப்ரரி) வழியாகச் சாதாரணமாக எக்ஸிக்யூட் செய்தால், நீங்கள் ஒவ்வொன்றாக ஃபெட்ச் செய்தாலும், விடை முழுவதும் முதலிலேயே உங்கள் மெமரிக்கு வந்துவிடும். கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்தால் சர்வரில் திறக்கும், லூப்பில் சுற்றும்போது 2,000 ரோவாக வரும். ஜேடிபிசியில் (ஜாவா இணைப்பு) ஃபெட்ச் சைஸ் கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்டோகமிட்டை நிறுத்த வேண்டும். ட்ரான்சாக்‌ஷன் முடிந்தால் கர்சரும் போய்விடும். ‘வித் ஹோல்டு’ போட்டால் தங்கும், ஆனால் கமிட் நேரத்தில் முழு விடையையும் சேமித்துக்கொள்ளும், சும்மா வராது.


வண்ணாரப்பேட்டை எழுதியது:

அண்ணாச்சி, எல்லாம் சரி. ஒரே அப்டேட் என்கிறீரே, அது ஓடுகிற நேரம் டேபிள் முழுவதும் பூட்டிக்கொண்டால் கடைகளில் பதிவு ஏற்ற முடியாதே? நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்வதற்கு அதுதான் காரணம். சனிக்கிழமை மதியம் பாதிக் கடையில் இன்னும் பீடி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.


ரதவீதி அண்ணாச்சி எழுதியது:

இது நல்ல கேள்வி வே. ஒரு கட்டளை ஒரு டேபிளில் 5,000 லாக் (பூட்டு) அளவைத் தொட்டால் எஸ்க்யூஎல் சர்வர் ரோ லாக்குகளை விட்டுவிட்டு முழு டேபிள் லாக்குக்குத் தாவப் பார்க்கும். அப்போது நீர் சொல்வது நடக்கும். ஆனால் அதற்கு மருந்து ஒவ்வொரு ரோவாகப் போவது இல்லை. பிரைமரி கீ வரிசையில் ஆயிரம், இரண்டாயிரம் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் தனியாகக் கமிட் செய்யும். எல்லாப் பிரிவையும் ஒரே பெரிய ட்ரான்சாக்‌ஷனுக்குள் போட்டால் லாக் எதுவும் கடைசிவரை விடாது, பிரித்த பயனே போச்சு. படிக்க மட்டும் வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது என்றால் ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் (படிப்பவருக்கு ரோவின் முந்தைய பிரதியைக் காட்டும் செட்டிங்) போட்டுக்கொள்ளலாம், டெம்ப்டிபிக்குச் சுமை கூடும்.

பிரித்துக் கமிட் செய்தால் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கப்புறம் சர்வரை மாடிக்கு ஏற்றியவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. கூலி டேபிளில் வார எண், தொழிலாளி எண் இரண்டுக்கும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் வையும். ப்ரொசீஜர் ‘இன்னும் ஏறாதவர்கள்’ மட்டும் எடுக்கட்டும். அப்போது எத்தனை முறை ஓட்டினாலும் ஒருவருக்கு இரண்டு கூலி ஏறாது, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என் கருத்து: கூலிக் கணக்கு எல்லோருக்கும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டியதில்லை. ஒரு ஆளின் கூலி, பிஎஃப், கையிருப்பு மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் கடை கடையாகப் பிரிப்பதே இயல்பு.


முக்கூடல் கரை எழுதியது:

மாற்றி எழுதி டெஸ்ட் சர்வரில் ஓட்டிவிட்டேன். கூலியும் பிஎஃபும் ஒரே கொயரி, கையிருப்புக்கு அக்கா சொன்ன வழி, எல்லை தாண்டியவர்களுக்கு மட்டும் லோக்கல் ஃபாஸ்ட்_ஃபார்வர்ட் கர்சர். கடை கடையாகக் கமிட். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்தேன், நாற்காலியைத் தள்ளுவதற்குள் முடிந்துவிட்டது. முன்பண ப்ரொசீஜர் அண்ணாச்சி சொன்ன அதே இடத்தில்தான் இருந்தது, அதையும் ஜாயினாக மாற்றிவிட்டேன்.

பழைய விடையோடு ஒப்பிட்டபோது சிலருக்குக் கையிருப்பு வேறுபடுகிறது. பார்த்தால் எல்லோரும் ஒரே நாளில் இரண்டு தடவை பீடி கொண்டுவந்தவர்கள். பழைய கர்சர் தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறது. எது முதலில் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுமா?


கடனாநதி எழுதியது:

மாறலாம். ஒரே தேதிக்குள் எந்த வரிசை என்று நீங்கள் சொல்லாவிட்டால் எஞ்சின் தனக்கு வசதியான வரிசையில் தரும். மைனஸை பூஜ்யமாக வெட்டுகிற கணக்கில் எது முதலில் என்பது விடையையே மாற்றும். 30 மிச்சம், அப்புறம் 50 குறைவு என்றால் பூஜ்யம். 50 குறைவு முதலில் என்றால் பூஜ்யமாகி, அப்புறம் 30. ஆர்டர் பையில் தேதிக்குப் பின்னால் பதிவு எண்ணையும் சேருங்கள், விண்டோ ஃபங்ஷனிலும் கர்சரிலும் ஒரே மாதிரி. எது சரியான வரிசை என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ரசீது எண் வரிசைதான் என்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு எக்ஸெப்ட் (ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ரோக்களைக் காட்டுவது) போட்டிருப்பீர்கள். பழையதிலிருந்து புதியது, புதியதிலிருந்து பழையது, இரண்டு திசையிலும் போடுங்கள். எக்ஸெப்ட் ஒரே மாதிரி ரோக்களை ஒன்றாக்கிவிடும். அதனால் எண்ணிக்கையையும் மொத்தக் கூலியையும் தனியாக ஒருமுறை பாருங்கள்.


முக்கூடல் கரை எழுதியது:

ரசீது எண் வரிசைதான் அக்கா, கேட்டுவிட்டேன். ஆர்டர் பையில் சேர்த்தாயிற்று. எண்ணிக்கையும் மொத்தமும் ஒத்துப்போகின்றன. இந்த வாரம் பாப்பாக்குடிக் கடைக்கு மட்டும் புதியதில் ஓட்டப் போகிறேன், மற்றவை பழையதில். ஒத்துவந்தால் அடுத்த வாரம் எல்லாக் கடைக்கும்.